ரிலீவர் வராத வெள்ளிக்கிழமை

மே 12, திங்கள். மந்தாரக்குப்பம்

கத்திரி வெயில். எட்டு மணிக்கே மொட்டை மாடி சுடுகிறது. சாயங்காலம் விருத்தாசலத்தில் ரயில், பேச்சிமுத்துவின் ஊருக்கு.

எடுத்துப் போவது: வேட்டி 3, சட்டை 3, துண்டு 2, பிரஷர் மாத்திரை, கண்ணாடி, வறுத்த முந்திரி, இந்த நோட்டு, பென்சில். அப்புறம் ஒரு முழுப் பலாப்பழம். பண்ருட்டிப் பழம். காடாம்புலியூர்ப் பழம் இந்த வீட்டுக்குள் வருவதில்லை, நாற்பத்தாறு வருடமாக.

பழம் தனத்தின் வேலை. தனம் என் தங்கை. என் பெண்டாட்டி போன பிறகு இந்த வீடு அவள் கையில்.

"இம்மாம் பெரிசு. தூக்கிக்கினு போறது நீயா நானா?"

"வெறுங்கைய வீசிகினு போவியா? கூடப் பொறந்தவ ஒருத்தி வூட்ல இருக்கறான்னு அவருக்குத் தெரிய வேணாம்?"

பிறகு அரிசி புடைத்தபடியே: "அண்ணே, அங்க போயி பழச ஒண்ணும் கேக்காத."

கேட்கத்தான் போகிறேன். கடல் பார்க்கவா போகிறேன்? எழுபத்து நாலு வயதில் எனக்குக் கடல் எதற்கு.

நானும் பேச்சிமுத்துவும் நெய்வேலிச் சுரங்கத்தில், மண் ஓடும் ஒரே பெல்ட்டில் வேலை. மண் சிந்தினால் வாரிப் போடணும், பெல்ட் விலகினால் கயிற்றை இழுத்து நிறுத்தணும். நான் ஒரு ஷிஃப்ட், அவன் அடுத்தது. அடுத்த ஆள், அதாவது ரிலீவர், வந்து நின்றால்தான் இவன் இடத்தை விடலாம். அதுதான் சட்டம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவன் வரவில்லை. இரவு பத்து வரை நான் நின்றேன். அன்று நாலு மணிக்குக் காடாம்புலியூரிலிருந்து தனத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா இல்லாத வீடு, நான்தான் ஆம்பளை. விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். "பொண்ண பெத்த வூட்ல ஒரு ஆம்பள வந்து வாங்கன்னு சொல்லல." அதற்கப்புறம் வந்த இரண்டு பேரும், அவங்க ஏன் எழுந்து போனாங்க என்றுதான் முதலில் கேட்டார்கள். மூன்றாவது ஆள் வரவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் இரவல் வாங்கிய மாம்பழக் கலர் புடவையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ. அது எனக்கு மறக்காது. எனக்கு எதுவும் மறக்காது.

ஏன் வரவில்லை? இது ஒன்றுதான் கேள்வி.

மே 13, செவ்வாய். பேச்சிமுத்து வீடு, உடன்குடி தாண்டி ஒரு கடற்கரை ஊர்

இங்கே வெயில் அதைவிட. காற்று இருக்கிறது, அதுவும் சுடுகிறது.

பலாப்பழம் ரயிலில் பழுத்துவிட்டது. எதிர் சீட்டு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே வந்தாள். அவள் புருஷன்: "பெரியவரே, அறுத்துட்டீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி." கொடுக்கவில்லை.

பேச்சிமுத்து (இனி பே.மு., முழுப் பேரும் எழுத விரல் வலிக்கிறது) திருநெல்வேலி ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டானாம். "ரிலீவர் லேட்டா வந்தா உமக்குப் பிடிக்காதுல்லா!" என்று ஒரு சிரிப்பு. பலாப்பழத்தை அவன் கையில் திணித்தேன்.

மீன் சாப்பிட வாரும், மீன் சாப்பிட வாரும் என்று பத்து வருடமாகப் போனில் கூப்பிட்டவன். மத்தியானம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

"மீன் எங்கய்யா?"

"தடைக்காலம்லா வே. ஜூன் பாதி வரைக்கும் போட்டு கடலுக்குப் போவாது."

"தெரிஞ்சே கூப்புட்டியா?"

"சீசன்ல வந்தா கூட்டம். இப்பம்னா அமைதியா பேசலாம்லா."

வந்ததிலிருந்து அவன்தான் பேசிக்கொண்டிருக்கிறான். நான் மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் இட்லி வந்தது, வடை வந்தது, பதநீர் வந்தது.

மே 14, புதன்

காலை 5 மணிக்குச் சங்கு. அலாரம்தான். நம் சுரங்கத்துச் சங்கு மாதிரியே போனில் வைத்திருக்கிறான். நான் பதறி எழுந்து வேட்டியைத் தேடினேன். அவன் வாசலில் நின்று சிரிக்கிறான். "எப்படி வே, நெய்வேலி ஞாபகம் வருதா?"

பே.மு.விடம் எனக்குப் பொறுக்காதவை:
பல் தேய்க்கும்போது பேசுவது.
தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, நிறுத்தியது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது. ரிட்டயர் ஆகிப் பதினாறு வருடம்.
நான் சாப்பிடும்போது என் வாயையே பார்ப்பது.
போர்டு படிப்பது.

கடைசிதான் ரொம்பக் கொடுமை. பஸ்ஸில் போனால், நடந்து போனால், எங்கே ஒரு எழுத்தைக் கண்டாலும் எனக்காகச் சத்தம் போட்டுப் படிக்கிறான். "'குளிக்க வேண்டாம், ஆழம் அதிகம்'னு போட்டிருக்கு வே." "'பழைய இரும்பு வாங்கப்படும்'." பேப்பர் வந்தால் முதல் பக்கத்திலிருந்து. இறந்தவர்கள் விளம்பரம் கூட.

அவன் ரிட்டயர் ஆகி இந்த ஊருக்கு வந்த பிறகுதான் நான் எழுத்துப் படித்தேன். அது அவனுக்குத் தெரியாது. எட்டாவது வரை படித்த தனம் சொல்லிக் கொடுத்தாள். விரலைப் பிடித்து அல்ல, தலையில் குட்டி. அறுபது வயதில் தங்கையிடம் குட்டு வாங்கினேன். எழுத்து வந்துவிட்டது. சொல்லிவிடலாம்தான். யார் சொல்லித் தந்தது என்று கேட்பான், தனம் பேச்சு வரும். அந்தப் பேச்சை நான் எடுக்கும் நேரத்தில்தான் எடுப்பேன். அதனால் வாயை மூடிக்கொண்டு இரும்பு விளம்பரம் கேட்கிறேன். இந்த நோட்டை வாழை மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். எறும்பு.

இன்று மத்தியானம் படுத்திருந்தபோது ஒன்று தோன்றியது. வேலையில் இருந்த இத்தனை வருடத்தில் இவனோடு நான் சேர்ந்து இருந்தது ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். ஷிஃப்ட் மாறும் நேரம் மட்டும். மூணாவது ரோலர் சத்தம் போடுது, மண்வெட்டி பிடி ஆடுது, நேத்து யாரு வூட்ல சண்டை. அதற்குள் பஸ் ஹாரன். இவன் குவார்ட்டர்ஸில் இருந்தால் நான் பெல்ட்டில். நான் வீட்டில் இருந்தால் இவன் பெல்ட்டில். ஒருவர் வீட்டில் ஒருவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. இவன் கல்யாணத்துக்கும் போகவில்லை, போக மனமும் இல்லை. பதினைந்து நிமிடத்துக்கு நல்ல மனுஷன். நாள் முழுக்க முடியாது.

அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகவே வேலைக்குப் போன நாள் உண்டு. அதை அவனிடம் சொல்ல மாட்டேன்.

மே 15, வியாழன்

ஊர் சுற்றிக் காட்டினான். பார்த்தவை: மூடியிருந்த லைட் ஹவுஸ். கவிழ்த்து வைத்த படகுகள், வரிசையாக. சக்கரம் கழற்றிய ஐஸ்கிரீம் வண்டி. தார்ப்பாய் போர்த்திய குடைராட்டினம். "சீசன்ல பாக்கணும் வே, நிக்க இடம் இருக்காது." அப்போ சீசனில் கூப்பிடேன்டா. மணல் செருப்புக்குள் புகுந்து கால் வெந்துவிட்டது.

திறந்திருந்தது ஒரே ஒரு சங்குக்கடை. கடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினான்.

"இவருதான் நம்ம கலியபெருமாள்."

"எது, உங்களுக்காக டபுள் ஷிஃப்ட் நின்ன அண்ணாச்சியா?" அந்த ஆள் எழுந்து நின்று கும்பிடுகிறார்.

நேற்று டீக்கடையிலும் இதே. முடிவெட்டும் கடையிலும் இதே. "எனக்காக நின்ன ஆளு." நின்றேனாம். நிற்க வைத்தவன் நீ. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டு, திங்கட்கிழமை ஓலைப்பெட்டியில் கருப்பட்டியோடு வந்து "பெரிய உபகாரம் வே" என்று பல்லைக் காட்டினான். எனக்குக் கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். "சரி" என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டு, பஸ் ஜன்னலிலிருந்து மொத்தக் கருப்பட்டியையும் வீசினேன். இதை நாற்பத்தாறு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

சாயங்காலம் பே.மு. தண்ணீர் மோட்டாரோடு சண்டை. அவன் வீட்டம்மா ராமலட்சுமி பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள், கையில் எண்ணெய் தடவி. நல்ல பெண். அளவாகப் பேசுகிறாள், அந்த வீட்டில் அவளுக்கு வேறு வழி இல்லை.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நீங்க இல்லன்னா எனக்குக் கல்யாணம் இல்ல."

"நான் இன்னாம்மா பண்ணேன்?"

"அந்த வெள்ளிக்கிழமை இவுக என்னப் பொண்ணு பாக்க வந்தாக. எங்க அய்யா ஒரே நாள்தான் குடுத்தாக. அன்னைக்கி வரலைன்னா வேற எடம் பேசி முடிச்சிருப்பாக. நீங்க அங்க நின்னதாலதான் இவுக இங்க வந்து உக்கார முடிஞ்சுது."

கையிலிருந்த சுளையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

அதே வெள்ளி. இங்கே இவள் காபி கொண்டுவந்திருக்கிறாள். அங்கே தனம் காபி கொண்டுவந்திருக்கிறாள்.

இரவு சாப்பாடு வேண்டாம் என்றேன். விடவில்லை. இரண்டு தோசை.

மே 16, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம். சங்கு ஊதுமுன் விழித்துவிட்டேன்.

கேட்டுவிட்டேன். காலை டிபன் முடிந்து, அவன் பேப்பரை விரித்து முதல் வரி படிக்கும்போது.

"பேப்பர மூடு. அன்னிக்கி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஏன்யா போன?"

"என்னைக்கு வே?"

"வெள்ளிக்கெழம. பொண்ணு பாக்க."

அவன் முழித்தான். நடிப்பு இல்லை. நடிக்கத் தெரிந்தவனாக இருந்தால் நாலு நாளில் தெரிந்திருக்கும்.

"சொல்லாமலா? நீருதான வே மியூச்சுவல்ல ரேகை வச்சீரு."

மியூச்சுவல் என்றால், எனக்குப் பதில் நீ நில், உனக்குப் பதில் நான் நிற்கிறேன் என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுப்பது. நான் சொன்னேன்: நான் வைக்கவே இல்லை. எனக்கு எதுவும் மறக்காது.

"ராமலட்சுமி, அந்தப் போட்டாவ எடு."

அவர்கள் கல்யாணப் போட்டோ. பின்பக்க அட்டையைக் கத்தியால் நெம்பினாள். உள்ளே நாலாக மடித்த கார்பன் காப்பி. காகிதம் பழுத்து மஞ்சள் ஆகியிருந்தது. "இதாலதான கல்யாணம் நடந்துச்சு, இதுவும் உள்ள இருக்கட்டும்னு நான்தான் வச்சேன் அண்ணாச்சி."

பே.மு. கண்ணாடியைத் துடைத்தான். "படிச்சுக் காட்டட்டா?"

அந்த வார்த்தை. அதே வார்த்தை. அப்போதுதான் எனக்கு எல்லாம் வந்தது, நேற்று நடந்த மாதிரி. ஷிஃப்ட் மாறும் நேரம். பஸ் ஹாரன் அடித்துவிட்டது. இவன் மூன்று காகிதம் நீட்டினான். என் காகிதம் எல்லாம் அப்போது இவன்தான் எழுதுவான்: லீவு லெட்டர், சொசைட்டிக் கடைக்கு, யூனிபார்ம் துணிக்கு. "மூணு இருக்கு வே, படிச்சுக் காட்டட்டா?" நான் சொன்னது: "உன்னிய நம்பாம யார நம்புறது? குடுய்யா, பஸ்சு பூடும்." மூன்றிலும் கட்டை விரலை அழுத்திவிட்டு ஓடினேன். கேட்டுவிட்டு ரேகை வைத்தால் எழுத்துத் தெரியாதவன் என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு வெட்கம். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும்.

"குடு. நானே படிக்கிறேன்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் நான் படிக்க ஆரம்பித்திருந்தேன். எழுத்துக் கூட்டித்தான். விரல் வைத்துத்தான். 'வெள்ளிக்கிழமை இரண்டாம் ஷிஃப்டில் பேச்சிமுத்துவுக்குப் பதிலாக நான் வேலை பார்க்கச் சம்மதம்.' அடியில் என் பேர், அவன் கையெழுத்தில். பேருக்கு மேலே கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. சின்ன வயதில் அரிவாள் பட்டது. விரலைப் பார்த்தேன். இன்னும் இருக்கிறது.

"நீரு படிப்பீரா வே! எப்பம்? யாரு சொல்லித் தந்தா?"

"தங்கச்சி."

"அந்தப் புள்ளைக்கி நல்ல பொறுமை. அது புருஷன் வீடு எங்க?"

ராமலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தை மடித்தேன். நாலாக, முன்பு இருந்த மடிப்பிலேயே.

"எங்கூடதான் இருக்குது."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். "ஏன் வே, அன்னைக்கி உமக்கு எதும் சோலி இருந்துச்சா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நாற்பத்தாறு வருடம். பதில் முழுக்க என்னிடம் இருந்தது. நாலு மணி, காடாம்புலியூர், மாம்பழக் கலர் புடவை, எல்லாம். ராமலட்சுமி போட்டோ அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

"அதான பாத்தேன்" என்று அவன் பேப்பரை விரித்தான். பிறகு மூடி என்னிடம் நீட்டினான். "நீரே படியும். எனக்குத் தொண்டை வலிக்கு."

படித்தேன். இறந்தவர்கள் விளம்பரம் உட்பட. அவன் நடு நடுவே திருத்தினான். சகிக்கவில்லை.

மே 17, சனி

கிளம்புகிறேன். இன்னும் நாலு நாள் இரும் என்று சண்டை. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று பொய். அவன் மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டான். அப்புறம் தனம் தனியாக இருக்கிறாள் என்று நிஜத்தைச் சொன்னேன். விட்டான்.

கொடுத்து அனுப்புவது: கருவாடு இரண்டு கட்டு, பனங்கிழங்குப் பொடி, ஓலைப்பெட்டியில் கருப்பட்டி. "அன்னைக்கி குடுத்தது எப்படி இருந்துச்சு, நீரு சொல்லவே இல்லியே?"

"நல்லா இருந்துச்சி."

ரயில் நகர்ந்து கண்ணுக்கு மறையும் வரை நின்றான். ரிலீவர் வராமல் இடத்தை விடக்கூடாது என்பது போல. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னலை மூடிவிட்டேன்.

மே 19, திங்கள். மந்தாரக்குப்பம்

நேற்று வந்தேன். நேற்று முழுக்க தனம் எதுவும் கேட்கவில்லை. கருவாட்டை மொட்டை மாடியில் காய வைத்தாள், காக்கா விரட்டினாள். அவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு ஆகாது.

இன்று காலை நானே சொல்லிவிட்டேன். ரேகை, மூன்று காகிதம், பஸ் ஹாரன். அவர்கள் பெண் பார்த்த நாளும் அதுதான் என்று. அதை மட்டும் மெதுவாக.

அவள் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். ஒரு கட்டு முடிந்தது. அடுத்த கட்டைப் பிரித்தாள்.

"நீயேதான் படிச்சியா? அவுரு படிச்சிக் காட்டலியே?"

"நானேதான்."

"தெணறாம?"

"ரெண்டு எடத்துல."

"உம்." ஒரு தண்டை ஒடித்தாள். "நாப்பத்தாறு வருசமா தெனம் சோறு துன்ன உக்காந்தா அந்த மனுசன ஒரு திட்டு திட்டிட்டுதான் மொத வாய் வப்ப. இனிமே யாரத் திட்டுவ?"

"என்னியதான்."

"அத்த நான் பாத்துக்கறேன். நீ போயி குளி. கருவாட்டு வாட."

குளித்தேன். தண்ணீர் வெந்நீராக வருகிறது, டேங்க் வெயிலில்.

மே 21, புதன்

மழை வரும் மாதிரி இருட்டி, வராமல் போய்விட்டது. எரிச்சல்.

காலை 10 மணிக்கு பே.மு. போன். வீடு வந்து சேர்ந்தீரா என்று மூன்றாவது நாளாக. மூணாவது தெருவில் யார் செத்தார், மோட்டார் எத்தனை மணிக்கு நின்றது. நான் இங்கே முந்திரி விலை, பக்கத்து வீட்டுச் சண்டை. நன்றாகத்தான் இருந்தது. பதினைந்து நிமிடம் ஆனதும் வைக்கப் போனேன்.

தனம் கையை நீட்டினாள். "இங்க குடு."

நான் கொடுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டாள்.  அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கே அந்தக் கல்யாணப் போட்டோ சுவரிலிருந்து இறங்கிவிடும்.

"அண்ணே, நான் தனம் பேசுறேன். நல்லா இருக்கறீங்களா? உங்க வூட்டம்மாகிட்ட குடுங்க."

கொடுத்திருப்பான் போல. இவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"பலாப்பழம் நல்லா இருந்துச்சாங்க?... எங்க அண்ணன் ரொம்ப ரோதன பண்ணிச்சா?... ஆமாங்க, அதுக்கு எப்பவும் அப்பிடித்தான்... எல்லாம் சொல்லிச்சி. போட்டாவுக்குப் பின்னால வச்சிருக்கிறீங்களாமே..."

நான் எழுந்து அவள் எதிரில் போய் நின்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கி நீங்க இன்னா கலர் பொடவ கட்டிகினு இருந்தீங்க?"

அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. நீளமான பதில்.

"அப்பிடியா" என்றாள் தனம். "எங்கிட்டயும் அப்ப மாம்பழக் கலருல ஒண்ணு இருந்துச்சிங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லவில்லை. பேச்சு கருவாட்டுக்குப் போனது, மூட்டு வலிக்குப் போனது, தடைக்காலம் முடிந்ததும் நானும் ஒரு தடவ வரேங்க என்பதற்குப் போனது. நான் வாசலுக்கு வந்துவிட்டேன். மணி 11. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் உலை கொதித்து வழிகிறது. சொன்னால் காதில் விழவில்லை. நான்தான் அரிசி போட்டேன்.